யாரைப் பார்க்க வேண்டும்

கடல் என்பது நாட்டின் எல்லை என்று எங்களுக்குத் தெரிந்ததே எண்ணூர் கழிமுகத்தில் வேலி போட்ட பிறகுதான். அதுவரை அதை மீன் இருக்கும் இடம் என்று தப்பாக நினைத்துக்கொண்டிருந்தோம். தொண்ணூறுகளின் கடைசியில் நிலக்கரி இறக்க ஒரு வளாகம் வந்தது. நாங்கள் படகைக் கட்டி வைக்கும் கரை அதற்குள் போய்விட்டது. அதிகாரி பொறுமையாக விளக்கினார்: முன்னேற்றம் வருகிறது, இது எல்லைப் பகுதி, கண்டவர்களும் நுழையக் கூடாது. கண்டவர்கள் என்றால் என் அப்பா.

ஈவிரக்கமே இல்லை என்று சொல்ல முடியாது. கரை போன குடும்பம் என்று அண்ணனுக்குக் காவலாளி வேலை கொடுத்தார்கள். எந்த வாசலில் என்று கேட்காதீர்கள்.

அப்பா தன் படகுக்குப் போக தினமும் ஒரு படிவம். ப்ளஸ் டூ வரை படித்த பாவத்துக்கு நான்தான் நிரப்ப வேண்டும். அதில் 'யாரைப் பார்க்க வேண்டும்' என்று ஒரு கட்டம்.

"இதுல இன்னா எழுதறது நைனா?"

"மீன பாக்கணும்னு எழுது. வேற யாரு கீறாங்க உள்ள?"

அப்படியே எழுதினேன். திரும்பி வந்தது. உள்ளே வேலை செய்பவரின் பெயர்தான் வேண்டுமாம். அண்ணன்தான் வழி சொன்னான்.

"எம் பேரப் போடு. நானும் அங்கதான வேல பாத்துகினு கீறேன்?"

அன்றிலிருந்து அப்பா, காலையில் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டுப் போன மகனைப் பார்ப்பதற்காக, தோளில் வலையோடு வாசலுக்குப் போனார். அண்ணன் படிவத்தில் முத்திரை குத்தி, 'பார்வையாளர்' அட்டையை அவர் கழுத்தில் மாட்டுவான். ஐந்து மணிக்குள் திருப்பித் தர வேண்டும். மீன்களுக்கும் தகவல் சொல்லியிருப்பார்கள் என்று நம்பினோம். அந்த அட்டையைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அப்பாவோ அது நனையாமல் துண்டில் சுற்றி வைத்துக்கொள்வார்.

சில வருஷம் இப்படியே ஓடியது. பிறகு காவலுக்கு ஆள் வைக்கும் ஒப்பந்தக்காரர் மாறினார், புதியவர் தன் ஆட்களைக் கொண்டுவந்தார். அண்ணன் சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்து, "நாளைக்கு நானும் வலைக்கு வர்றேன் நைனா" என்றான். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்பா சிரித்தார்.

மறுநாள் காலையில் படிவத்தை எடுத்து இரண்டு பேர் பெயரையும் எழுதினேன். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா அண்ணனைப் பார்த்தார்.

உள்ளே எங்களுக்குத் தெரிந்தவர்கள் இனி மீன்கள் மட்டும்தான்.