பைதிமோஸ் எழுதிய பலகை

கத்தியைக் கழுத்தடியில் வைத்த பிறகுதான் பைதிமோஸ் கேள்வியே கேட்பார்.

"ஆமா, யாருமே பாக்கலைன்னாலும் ஒருத்தன் யோக்கியனா இருப்பாங்கறீங்க?"

உட்கார்ந்திருப்பவர் தலையாட்ட முடியாது. வாய் திறக்கவும் பயம். ஏதென்ஸ் சந்தை மூலையில் அவருடைய சவரக்கடை. பக்கத்து மண்டபத்தில் அறம் என்றால் என்னவென்று விடிந்ததிலிருந்து வாதாடுகிற கூட்டம், தொண்டை வறண்டதும் இவர் பெஞ்சுக்கு வந்துவிடும்.

"அவங்களால எனக்குக் காசுக்குப் பிரயோசனம் இல்ல. தாடியைத் தொட விடமாட்டாங்க. பேச்சை மட்டும் உதிர்த்துட்டுப் போவாங்க. நான் மயிரோட சேத்துக் கூட்டித் தள்ளணும்" என்று அலுத்துக்கொள்வார்.

கூட்டித் தள்ளியதில் பாதியை மனசுக்குள் சேர்த்து வைத்திருக்கிறார் என்பது தெருவுக்கே தெரியும். நாடகப் பாட்டெல்லாம் அவருக்கு அத்துப்படி. துக்கமான அடி வந்தால் கத்தியை வைத்துவிட்டு மூக்கைச் சிந்துவார். பாதி மழித்த முகத்தோடு வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த வசந்தத்தில் தியோனிசஸ் திருவிழா நாடகப் போட்டிக்கு நடுவர் பத்துப் பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்தபோது பைதிமோஸ் பெயரும் வந்தது. ஜெயிக்க வேண்டிய நாடகத்தின் பெயரை ஆளுக்கொரு சிறு பலகையில் எழுதிப் போட வேண்டும். வினை அங்கேதான் தொடங்கியது. மனைவி லிசில்லாவின் தம்பி நிகோன் அதே போட்டியில் ஒரு நாடகத்தின் பாட்டுக்குழுவில் ஆடினான். மாதக்கணக்கில் பாடிப் பாடி ஆளே இளைத்திருந்தான்.

"எந்தம்பி நாடகத்துக்கு எழுதலைன்னா, எங்கம்மா வீட்டு வாசலை நீங்க இனி மிதிக்க முடியாது, சொல்லிட்டேன்" என்றாள் லிசில்லா.

நிகோன் விவரமானவன். "எதுக்கு அத்தான் இம்புட்டு யோசனை? பத்துப் பேரு எழுதின பலகையும் குடத்துல விழும். அதுல அஞ்சைத்தான் எடுப்பாங்க. மிச்சத்தைப் படிக்காமலே அழிச்சிருவாங்க. உங்களது வருதோ என்னவோ, எங்களுக்குப் போட்டுட்டு வாங்க."

"அதுதாண்டா மாப்ள சங்கடம். யாரும் படிக்கலைன்னாலும் எழுதினவன் படிச்சிருப்பானே."

நிகோனின் குழு நன்றாகவே ஆடியது. ஆனால் மறுநாள் வேறொரு நாடகம். அடைக்கலம் கேட்டு வந்த எதிரியின் மகளை, தன் மகன் உயிர் போகும் என்று தெரிந்தும், ஒப்படைக்க மறுக்கிறான் ஒரு கிழட்டு அரசன். பைதிமோஸ் மேலாடை நனைய அழுதார். அழுத கையோடு அந்த நாடகத்தின் பெயரையே எழுதிக் குடத்தில் போட்டார்.

அவர் பலகை வெளியே வரவில்லை. வந்த ஐந்தில் மூன்று நிகோன் பக்கம். ஜெயித்துவிட்டார்கள்.

மாமனார் வீட்டு முற்றத்தில் விருந்து. ஆட்டுக்கறி சுட்ட வாசம். நிகோன் தன் தலையிலிருந்த வெற்றி மாலையைக் கழற்றி அத்தானுக்குச் சூட்டினான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. அந்த மூணுல ஒண்ணு எங்க அத்தானோடது."

மாமனார் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். பல நாள் முகம் கொடுக்காத லிசில்லா சிரித்தாள். பொய் சொல்லக்கூட வேண்டாம், சும்மா இருந்தால் போதும். பலகைகளை எப்போதோ அழித்துவிட்டார்கள். ஆயுசுக்கும் அந்த வீட்டில் ராஜ மரியாதை. அவருக்கும் அது வேண்டித்தான் இருந்தது, பாவம்.

பைதிமோஸ் கறித்துண்டைக் கீழே வைத்தார். விரல்களைத் துடைத்துக்கொண்டார். "நான் எழுதினது வேற நாடகம் மாப்ள" என்று மாலையை இரண்டு கையாலும் எடுத்து நிகோனின் தலையில் திரும்ப வைத்தார். இலைக்கடியில் சிக்கிய அவன் காதோரத்து முடியை மெல்ல விடுவித்துச் சீராக்கினார்.