சங்கிலி போட்டாச்சு

இது நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. பிற்பகல் மூன்று ஐம்பதுக்குத் தொடங்கி, நான்கு முப்பத்தேழுக்கு முடிந்தது. பேய் இருட்டில்தான் வரும், பாழடைந்த வீட்டில்தான் குடியிருக்கும் என்று எண்ணுகிறவர்கள் இப்போதே பக்கத்தை மூடிவிடலாம். இதில் இருட்டு இல்லை. பாழடைந்த வீடும் இல்லை. இருப்பவை ஒரு பிக்கப் வண்டி, அதன் வாலில் ஓர் இழுவை வண்டி, அதன் முதுகில் ஒரு டன் எடையுள்ள ஜெனரேட்டர்.

அப்புறம், ஒரே ஒரு சொல்.

யாருக்கு நடந்தது? பேய் என்று எவராவது பேச்செடுத்தால் வயிறு குலுங்கச் சிரிக்கும் ஒரு மனிதருக்கு. கூட்டங்களுக்கும் கல்யாணங்களுக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர். தெருவில் அவருக்குப் பெயரே ‘கரண்டு’. “எங்க மாமா பொய் சொல்ல மாட்டார், சொன்னா ஷாக் அடிக்கும்” என்று அவருடைய மைத்துனன் கேலி செய்வான். மனைவியின் தம்பி. தொழிலில் வலக்கை.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இழுவை வண்டியை முன்வண்டியோடு பூட்டுவது ஓர் இரும்பு ஆணி. ஆணி கழன்றாலும் வண்டி ஓடிவிடாமல் பிடித்து நிறுத்துவது ஒரு சங்கிலி. புறப்படுமுன், ஓட்டுகிறவர் இருக்கையில் அமர்ந்தபடியே குரல் கொடுப்பார்: “சங்கிலி?” பின்னால் நிற்பவர் தகரத்தில் இரண்டு முறை தட்டிவிட்டுப் பதில் சொல்வார்: “போட்டாச்சு.” அதன் பிறகே வண்டி நகரும்.

மூன்று ஆண்டுகளாக மாமனும் மைத்துனனும் ஒரு நாள்கூடக் கேள்வியைத் தவறவிட்டதில்லை, பதிலைத் தவறவிட்டதில்லை. தவறவிட்டது ஒன்றைத்தான். சங்கிலியை. அது ஷெட்டின் மூலையில் பழைய டயர்களுக்கு அடியில் துருவேறிக் கிடந்தது. ‘பக்கத்துலதானே’, ‘மெதுவாத்தானே போறோம்’, ‘இத்தனை நாள் என்ன ஆச்சு’ என்று மூன்று சாக்குகள், மூன்று ஆண்டுகள். பொருள் செத்தது, ஓசை பிழைத்தது. சடங்கு என்பது இதுவன்றி வேறென்ன? பொதுச்சாலை என்பது அவருடைய கொல்லைப்புறமா? அந்த ஒரு டன் இரும்புக்குப் பின்னால் வருகிறவர்கள் அவரிடம் உயிரை அடமானம் வைத்தவர்களா? இந்தக் கேள்விகளை அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்க வைத்தது வேறொன்று.

முன்பிருந்த இழுவை வண்டி துருப்பிடித்து உளுத்துப்போக, எட்டு நாட்களுக்கு முன்புதான் இந்த வண்டியைப் பழைய இரும்புக் கடையில் வாங்கியிருந்தார். புத்தம் புது நீலப் பெயிண்ட். கையை வைத்தால் ஒட்டும்.

அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. மைத்துனனுக்குப் பல்வலி. கன்னம் பன்னைப் போல் வீங்க, பல் மருத்துவரிடம் போயிருந்தான். ஆறு மணிக்குள் ஜெனரேட்டரை ஒரு மண்டபத்தில் இறக்க வேண்டும். கரண்டு தனியாகவே பூட்டினார். ஆணியை இறக்கினார். அது மேலே எழும்பாமல் பிடிக்கிற கிளிப்பைக் காணவில்லை. கட்டுக்கம்பியை எடுத்து நாலு சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டார்.

“போதும்” என்றார். தமக்குத் தாமே.

அப்போது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. மனைவி. முன்னால் நின்றுகொண்டு, சிவப்பு மழைக்கோட்டில், ஆறு வயது மகள்.

“என்னங்க, அக்கா வீட்டுக்குக் கிளம்பிட்டோம். மேம்பாலம் வரைக்கும் உங்க பின்னாடியே வர்றோம்.”

“என் பின்னாடி வந்தா பொழுது விடிஞ்சிடும்.”

“ஏன், வண்டிக்கும் உங்களை மாதிரி மூட்டு வலியா?”

மகள் சிரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டே ஏறி அமர்ந்தார். மணி மூன்று ஐம்பது. நாக்குக்கு மூன்று ஆண்டுப் பழக்கம். அது தானாகவே கேட்டது.

“சங்கிலி?”

டொக். டொக்.

“போட்டாச்சு.”

கியர் விழுந்தது. வண்டி நகர்ந்தது. வாசல் தாண்டிப் பத்தடி போன பிறகுதான் அவருடைய கால் பிரேக்கை மிதித்தது.

மைத்துனன்தான் இல்லையே...

இறங்கினார். சுற்றிப் பார்த்தார். நீலத் தகரம் நனைந்து மின்னியது. எவரும் இல்லை. மனைவியும் மகளும் முப்பதடி தள்ளி, ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே இருந்தார்கள்.

“என்னப்பா தேடுற?”

“ஒண்ணும் இல்லடா.”

பழகிய காதுக்குப் பழகிய ஓசை கேட்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். பகுத்தறிவுள்ள மனிதர் அல்லவா. ஆனால் பகுத்தறிவுள்ள அந்த மனிதர், இறங்கியதுதான் இறங்கினோமே, சங்கிலியை எடுத்து மாட்டுவோம் என்று நினைக்கவில்லை.

நான்கு பன்னிரண்டு. சிக்னல். சிவப்பு விளக்கு.

டொக். டொக்.

பின்னாலிருந்து. தெளிவாக. அவர் தலையை வெளியே நீட்டினார். ஸ்கூட்டர் இழுவை வண்டிக்கு நேர் பின்னால் நின்றது.

“நீ தட்டினியா?”

“எதை?”

“பின்னாடி யாராவது நிக்கிறாங்களா?”

“இந்த மழையில யாருங்க நிப்பாங்க? பச்சை விழுந்தாச்சு, போங்க.”

போனார். கழுத்தின் பின்புறம் மட்டும் சில்லென்றிருந்தது. மழைத்துளி என்று துடைத்தார். கை நனையவில்லை.

நான்கு இருபத்தாறு. கண்ணாடிகளை முழுவதும் ஏற்றினார். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. சர்ரக்... சர்ரக்... தம்மையே கேலி செய்துகொள்வதற்காக, தாழ்ந்த குரலில் கேட்டார்.

“சங்கிலி?”

பதில் இல்லை. சர்ரக்... சர்ரக்... சிரிக்க வாயெடுத்தார்.

“போட்டாச்சுன்னு... சொன்னேன்.”

பின்னாலிருந்து அல்ல.

காதருகில்.

மைத்துனன் குரல் அல்ல அது. கரகரத்த குரல். அழுது அழுது ஓய்ந்துபோனவனுடைய குரல். பக்கத்து இருக்கையைப் பார்த்தார். காலி. உள்கண்ணாடியைப் பார்த்தார். தம் முகம் மட்டும். வெளுத்திருந்தது.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தி என்ன சொல்வது? பேய் பேசியது என்று மனைவியிடம் சொல்வதா? உயிரைவிட மானம் பெரிதாகத் தோன்றிய அந்த ஏழு நிமிடம், அவர் ஓட்டிக்கொண்டே போனார்.

நான்கு முப்பத்து மூன்று. மேம்பாலம். ஏற்றம். இரண்டாவது கியர். இழுவை வண்டியின் முழு எடையும் வாலைப் பிடித்துத் தொங்கியது. பக்கக் கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி. மகளின் மழைக்கோட்டு. மிக அருகில்.

டொக். டொக்.

டொக். டொக். டொக். டொக்.

நிற்கவில்லை. உள்ளே அடைபட்டவன் கதவைத் தட்டுவது போல்...

“சங்கிலி?” என்று அலறியேவிட்டார்.

ஓசை நின்றது.

“போடல.”

பிரேக்கை மிதித்தார். கைப்பிரேக்கை இழுத்தார். குதித்தார். பின்னால் ஓடினார்.

கட்டுக்கம்பி அறுந்து தொங்கியது. ஆணி முக்கால்வாசி மேலே வந்திருந்தது. இன்னும் ஓர் அங்குலம். இழுவை வண்டிக்குப் பின்னால், பத்தடியில், ஸ்கூட்டர். காலை ஊன்றி நின்ற மனைவி. முன்னால் மகள்.

“ஓரம் போ. ஓரமாப் போ.”

“எதுக்குங்க, நடுப்பாலத்துல...”

“போடி.”

பதினோரு ஆண்டு இல்லறத்தில் அவள் கேட்டறியாத குரல் அது. ஸ்கூட்டரைத் திருப்பினாள். சுவரோரம் போனாள். ஆணியை அழுத்த அவர் கையை நீட்டினார்.

தகரத்தில் ஓசை கேட்டது. கண்ணெதிரே. அங்கே கையே இல்லை.

டொக்.

டொக்.

ஆணி துள்ளி விழுந்தது.

ஒரு டன் இரும்பு பின்னோக்கிப் புறப்பட்டது. ஸ்கூட்டர் நின்ற இடத்தின் மீதே ஏறியது. ஓடியது. பாலத்தடியில், எவரும் இல்லாத மண் மேட்டில் மோதிக் குப்புறக் கவிழ்ந்தது.

நான்கு முப்பத்தேழு.

மகள் கேட்டாள். “அப்பா, அந்த மாமா எங்க?”

“எந்த மாமா?”

“வண்டி பின்னாடி உக்காந்துட்டு வந்தாரே. என்னையே பாத்துட்டு அழுதாரே.”

மறுநாள் காலை அவர் பழைய இரும்புக் கடையில் நின்றார். கடைக்காரர் முதலில் மழுப்பினார். பிறகு கல்லாவைப் பூட்டிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

“பெயிண்ட் நான்தாங்க அடிச்சேன். அதுக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு கேக்காதீங்க. முன்னாடி அதை வச்சிருந்தவர் கிட்ட ஒரு கையாள் இருந்தான். இவர் சங்கிலின்னு கேப்பார், அவன் போட்டாச்சும்பான். ஒருநாள் ஏத்தத்துல வண்டி கழண்டுடுச்சு. பின்னாடி ஸ்கூட்டர்ல வந்தது வேற யாரும் இல்ல. அவன் பொண்டாட்டியும் புள்ளையும். ‘என் பின்னாடியே வா’ன்னு கூட்டிட்டு வந்தவனே அவன்தான்.”

“அவன்?”

“நாப்பது நாள் இருந்தான். சாப்பிட்டியான்னு கேட்டா, போட்டாச்சு. தூங்கினியான்னு கேட்டா, போட்டாச்சு. வேற பேச்சே இல்ல. அப்புறம் போய்ச் சேந்துட்டான்.”

இன்று கரண்டு இருக்கையிலிருந்து கேள்வி கேட்பதில்லை. இறங்குகிறார். குனிகிறார். புதுச் சங்கிலியைத் தம் கையால் மாட்டி, இழுத்துப் பார்த்து, பிறகே ஏறுகிறார். ஊரில் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கும் பின்னால் எவரோ வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால் அவரைத் தூங்கவிடாமல் செய்வது கடைக்காரர் சொன்னது அல்ல. கடைக்குப் போய் வந்த அன்று மாலை, கன்னத்தில் பஞ்சோடு மைத்துனன் வந்து சொன்னது.

“மாப்ள, மூணு வருஷமா நீயும் நானும் பொய்யையே சொல்லிட்டிருந்தோமேடா” என்று அவர்தான் பேச்சை எடுத்தார். “நேத்திக்கு முந்தின நாள்கூட, போட்டாச்சுன்னு சொன்னியே.”

அவன் விழித்தான்.

“நானா?”

“பின்ன?”

“மாமா... இந்த நீல வண்டி வந்ததுலேருந்து நான் சொல்றதே இல்லையே. நீங்க கேக்குறப்ப நான் ஏறி உக்கார என் பக்கத்துக் கதவைத் திறந்துட்டு இருப்பேன். வாயைத் திறக்குறதுக்குள்ள பதில் வந்துடும். நீங்களே கேட்டு நீங்களே சொல்லிக்கிறீங்கன்னு நெனச்சேன்.”

எட்டு நாள். நாளுக்கு இரண்டு பயணம்.

பதினாறு முறை அவர் கேட்டிருந்தார். பதினாறு முறையும் பதில் வந்திருந்தது.