கொட்டை எடுக்காத செர்ரி

மிச்சிகன் ஏரிக்கரைத் தோட்டக்காரர்கள் நடுவில் ஹெட்டி கோலாரிக் அதிகம் பேசாதவள் என்று பெயர் எடுத்திருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. கணவன் லோவெல் இறந்த பிறகு, தம்பி எமெட்டின் பழத்தோட்டத்து ஓரத்திலிருந்த சின்ன வீட்டில் தனியாக இருந்தாள். அந்த வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவே ஒரு புளிச் செர்ரி மரம். கல்யாணமான முதல் வசந்தத்தில் லோவெல் நட்டது. நிலம் என்னவோ எமெட்டின் பேரில்தான்.

ஒவ்வொரு ஜூலையிலும் ஹெட்டி ஏணி போட்டு ஏறுவாள். காம்போடு பறித்து, கழுவி, கொண்டை ஊசியின் வளைவைச் செருகி ஒவ்வொரு பழத்திலும் கொட்டையை நெம்பி எடுப்பாள். மணிக்கட்டு வரை சிவந்து போகும். பிறகு சர்க்கரைப் பாகோடு கண்ணாடி ஜாடிகளில் அடைத்துக் கொதிநீரில் வைப்பாள். ஆறும்போது மூடிகள் 'டொக்' என்று உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அதில் பாதி ஜாடி தம்பி மனைவி வெர்னாவுக்குப் போகும். மாவு ஓட்டுக்குள் பழம் வைத்துச் சுடும் செர்ரி பை என்றால் அந்த வட்டாரத்து வருடாந்திரச் சந்தையில் பெரிய போட்டி. ஆண்டு தவறாமல் முதல் பரிசான நீல ரிப்பன் வெர்னாவுக்குத்தான். "பறிக்கிறதுலேருந்து ஜாடி போடுறவரைக்கும் எல்லாம் என் கையாலதான்" என்று மேடையில் சொல்வாள். கூட்டத்தில் நின்று ஹெட்டியும் கைதட்டுவாள். ரிப்பன் போனால் போகிறது என்று விட்டிருந்தாள்.

அந்த வருடம் பாதி மரம்தான் பறித்திருந்தாள். ஊருக்குள் ஜாடி மூடி வாங்கப் போய்த் திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மரம் தரையில் கிடந்தது. பழங்கள் கிளையிலேயே சிவப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

வெர்னா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "புதுக் காருக்கு ஷெட் போடணும்க்கா. இங்கதான் வாகா இருக்கு. ஒரு மரம்தானே? தோட்டம் பூரா செர்ரி கெடக்கே."

"அவரு நட்ட மரம் வெர்னா."

"தெரியும்க்கா. அதுக்காக காரை வெயில்லயும் பனியிலயும் போடவா?"

கோடாலியோடு நின்ற எமெட் தலையைத் திருப்பிக்கொண்டான்.  ஹெட்டி வாளியை எடுத்துவந்து, விழுந்த மரத்தின் பக்கத்தில் மண்டியிட்டுப் பறிக்க ஆரம்பித்தாள்.  கை நிதானமாக இருந்தது.

அன்று சாயங்காலம் கொண்டை ஊசியைக் கையில் எடுத்தாள். முதல் பழத்தில் செருகப் போனவள், நிறுத்தினாள்.  பிறகு ஊசியைத் தலையில் சொருகிக்கொண்டு, பழங்களை அப்படியே, கொட்டையோடு, ஜாடிகளில் நிரப்பினாள். இவ்வளவு சுருக்கில் அவளுக்கு அந்த வேலை என்றைக்குமே முடிந்ததில்லை.

கையால் ஒரு தடவையாவது கொட்டை எடுத்தவளுக்குப் பார்த்ததும் புரிந்துவிடும். கொட்டை போன பழம் கிழிந்து துவண்டு கிடக்கும். வெர்னா ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அடேயப்பா, இந்த வருஷம் பழம் முழுசு முழுசா எவ்ளோ அழகா இருக்கு!"

"ஆமா," என்றாள் ஹெட்டி. "நல்லா வந்திருக்குல்ல?"

சந்தை நாளில் நடுவராக உட்கார்ந்தவர் கிளாசன், ஓய்வுபெற்ற தபால்காரர். வெர்னாவின் செர்ரி பையை ஆசையாகப் பெரிய துண்டாக வெட்டி வாயில் போட்டார். கடக்கென்ற சத்தம் முன்வரிசை வரை கேட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையில் ஒரு கொட்டையையும் அரைப் பல்லையும் துப்பினார்.

"என்னம்மா இது? கொட்டை எடுக்கலையா நீ?"

வெர்னாவின் முகம் வெளுத்தது. "எடுத்திருப்பாங்களே... ஹெட்டிக்காதான் எப்பவும் எடுப்பாங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.  பின்னாலிருந்து ஒருத்தி, "அப்போ எல்லாம் உன் கையாலங்கறது?" என்று கேட்டாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. வெர்னா ஹெட்டியைத் தேடிப் பார்த்தாள். ஹெட்டி கண்ணைத் தாழ்த்தவில்லை. பல நாள் பட்டினிக்குப் பிறகு சாப்பிட்டது போல இருந்தது அவளுக்கு.

அன்றே எமெட் கதவை இடித்துக்கொண்டு வந்தான். "வேணும்னே செஞ்சியா?"

"ஆமா."

"ஊரே சிரிக்குது! உனக்கு வெக்கமா இல்ல?"

"கோடாலியப் புடிச்சப்போ உனக்கு இருந்துச்சாடா?"

எமெட் கதவுப் பக்கம் திரும்பினான். "இந்த வீட்டக் காலி பண்ணிரு" என்று மட்டும் சொன்னான்.

"பண்ணிட்டேன்" என்று மூலையைக் காட்டினாள். பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன.

ஏரிக்கரை ஊரில் ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தாள். கிளாசனின் பல்லுக்காக மட்டும் மனம் உறுத்தியது. அவர் வீடு தேடிப் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். மனிதர் கன்னத்தைத் தடவியபடி நெடுநேரம் சிரித்தார்.

இரண்டு வருடம் கழித்து, வெர்னா சமாதானமாகப் போக விரும்புவதாக எமெட் சொல்லியனுப்பினான். பாதிரியாரும் வந்து மன்னிப்பைப் பற்றிப் பேசிப் பார்த்தார். ஹெட்டி மாவு பிசைவதை நிறுத்தாமலே சொன்னாள்.

"மரத்த நிமுத்தி வைக்கச் சொல்லுங்க ஃபாதர். மறுநாளே வரேன்."