கமராவில் தெரிந்த மூன்றாவது கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டில் மூளை மகளுக்கு, முந்திரிக்கொட்டைத்தனம் எனக்கு.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் நுழைவுத் தேர்வை அவள் வீட்டிலிருந்தே கணினியில் எழுதினாள். புலமைப்பரிசில் கிடைத்தால்தான் எங்களால் அனுப்ப முடியும். கமராவில் வேறு ஆள் தெரிந்தால் தேர்வு ரத்து.

தொடங்கிய பிறகுதான் பார்க்கிறேன், பிள்ளையின் நெற்றி வெறுமையாக இருக்கிறது! தவழ்ந்து போய், பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டித் திருநீறு பூசினேன்.

"யார் கை அது?" என்று கணினிக்குள்ளிருந்து கண்காணிப்பாளர் அதட்டினார்.

"அப்பா, சேர். திருநீறு பூச வந்தவர்" என்றாள் மகள், அழாக்குறையாக.

நான் அப்படியே தரையோடு தரையாகப் படுத்துவிட்டேன். அவரோ சிரித்துவிட்டார்! "எங்கப்பாவும் இப்படித்தான். நீ எழுதும்மா."

இடமும் கிடைத்தது, புலமைப்பரிசிலும் கிடைத்தது!

இப்போதெல்லாம் தேர்வுக்கு முன்பே பூசிவிடுகிறேன். அடுத்த மாதம் மகனுக்கும் அதே தேர்வு. "அண்டைக்கு நான் எங்கை இருக்க?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"புத்தூரிலை, உங்கடை அக்கா வீட்டிலை."