ஜோவிலினின் ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு வார அட்டவணை ஒட்டியிருக்கும். பச்சைக் கட்டம் என்றால் ஜோவிலினுக்கு வேலை நேரம். மஞ்சள் என்றால் குடும்ப நேரம். வாரத்துக்கு முப்பது மணி நேரத்துக்கு மேல் அவளிடம் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். என் அம்மா பெத்தினா சட்டத்தை மீறுகிறவள் அல்ல. பச்சை முப்பதைத் தொட்டதும் மஞ்சள் பேனாவை எடுத்துவிடுவாள். என் தம்பி விகோவைக் குளிப்பாட்டுவது மஞ்சள். டிவிக்கு முன்னால் உட்கார்ந்து எங்கள் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவதும் மஞ்சள்.

"சும்மா எல்லாரும் சேர்ந்து உக்காந்திருக்கோம். இதுல என்ன வேலை?" என்பாள், ஒயினை உறிஞ்சிக்கொண்டே.

ஒருமுறை அம்மா ஆபீஸ் போகிற நேரம் முழுவதையும் நான் மஞ்சளாக அடித்து வைத்தேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கோபன்ஹேகனுக்கு வடக்கே, கடலோரத்துத் தெரு எங்களுடையது. இங்கே நாய் இல்லாத வீடு உண்டு, பிலிப்பைன்ஸ் பெண் இல்லாத வீடு அபூர்வம். ஓ பேர் என்று சொல்ல வேண்டும், அதாவது வீட்டோடு தங்கிப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வெளிநாட்டுப் பெண். வேலைக்காரி என்று வாய் தவறிச் சொன்னால் அம்மாவின் கழுத்துவரை சிவந்துவிடும். குடும்பத்தில் ஒருத்தியாம். கலாச்சாரப் பரிமாற்றமாம். அவள் நம் மொழியைக் கற்றுக்கொள்வாள், நாம் அவளிடமிருந்து ஏதோ கற்றுக்கொள்வோமாம். இஸ்திரி போட்ட சட்டை எவ்வளவு சுகம் என்பதைத் தவிர இதுவரை நாங்கள் ஒன்றையும் கற்கவில்லை.

ஜோவிலினுக்கு இருபத்தேழு வயது. பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவில் மருத்துவச்சிப் படிப்பு முடித்தவள். நாற்பத்தொரு குழந்தைகளைத் தன் கையால் உலகத்துக்குள் இழுத்துப் போட்டிருக்கிறாள். அதற்கு அங்கே கிடைத்ததைவிட, நாலு வயது விகோவின் பின்புறத்தைக் கழுவுவதற்கு இங்கே அதிகம் கிடைக்கிறது. இதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

அவள் அறை கீழே, துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில். என்னைப் பள்ளியிலிருந்து இரண்டாம் முறை வெளியே தள்ளியபோது, ஏன் என்று கேட்காத ஒரே ஆள் அவள்தான். கருவாடு வறுத்துப் பூண்டுச் சோற்றோடு தட்டை நீட்டினாள். அன்று மாலை அம்மா எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, வாசனை மெழுகுவர்த்தி ஏழெட்டு ஏற்றினாள்.

"எல்லா நாட்டு சாப்பாட்டையும் நாங்க மதிக்கிறோம் ஜோவிலின். இனிமே இத மட்டும் வெளில எங்கயாச்சும் சாப்பிட்டுக்கிறியா?"

ஞாயிறு அவளுடைய நாள். காலையில் தேவாலயம், மதியம் ஒரு மணிக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊருக்குப் பேசுவாள். யாரோடு என்றால், "அக்கா பொண்ணு" என்பாள். நடுநடுவே பாட்டு வேறு. பன்றிக்குட்டி கத்துவது போலப் பாடுவாள், பாவம்.

அந்தப் பாட்டுதான் என் புத்தியைக் கெடுத்தது. ஈஸ்டர் ஞாயிறு, அம்மாவின் சிநேகிதிகள் ஊறுகாய் மீனும் சாராயமுமாக மேலே உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய போனை யாருக்கும் தெரியாமல் எங்கள் வரவேற்பறை ஸ்பீக்கரோடு ப்ளூடூத்தில் இணைத்துவிட்டேன். பாட்டு மேலே ஒலிக்கும், எல்லாரும் சிரிப்பார்கள். அவ்வளவுதான் திட்டம்.

மணி ஒன்று. ஸ்பீக்கரில் ஒரு சின்னக் குழந்தையின் குரல் வந்தது. "மம்மா. மம்மா." பிறகு அவர்கள் மொழியில் கடகடவென்று ஏதோ. மறுபடி, "மம்மா."

வேறெதுவும் எங்களுக்குப் புரியவில்லை. அந்த ஒரு சொல் எல்லாருக்கும் புரிந்தது. ஓ பேராக வருகிறவளுக்குப் பிள்ளை இருக்கக் கூடாது. இருந்தால் அனுமதி ரத்து, அடுத்த விமானம். அடுத்தவர் பிள்ளையைக் கழுவத் தனக்கொரு பிள்ளை இருக்கக் கூடாது என்று யார் உட்கார்ந்து யோசித்து எழுதினார்களோ.

ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினேன். "நான்தான். நெட்ல எடுத்தேன். பயந்துட்டீங்களா?"

"இந்தப் பையன் திருந்தவே மாட்டான் பெத்தினா," என்றாள் அம்மாவின் சிநேகிதி லோனே. எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவின் முட்கரண்டி மட்டும் மீனில் குத்தியபடி நின்றிருந்தது.

அம்மா யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வார அட்டவணையில் ஞாயிறு முழுக்க மஞ்சள்.

"விகோவுக்கு உன்ன விட்டா யாரும் ஆகல. உனக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே, ஜோவிலின்?" என்றாள், தேன் ஒழுக.

"இல்ல," என்றாள் ஜோவிலின்.

கத்தியிருந்தால்கூட நான் அம்மாவை மதித்திருப்பேன்.

கீழே போய் உண்மையைச் சொன்னேன். ஜோவிலின் கையிலிருந்த ஈரத் துணியால் என் முகத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். இன்னொரு அடியும் விழுந்தது. பிறகு உட்கார்ந்தாள்.

"நிங்நிங். ஆறு வயசு. அன்னைக்கு முதல் பல்லு விழுந்துச்சு. கூரை மேல எறியவா, நீ வர்ற வரைக்கும் வெச்சிருக்கவான்னு கேட்டா. அவ குரல் மாடில இருந்து வருது. பதில் சொல்றதுக்குள்ள நீ வயரப் பிடுங்கிட்ட. நான் பயந்து போனையே அணைச்சுட்டேன்."

"ஏஜென்சில புகார் குடேன். ஞாயித்துக்கிழமைய எப்படிப் பிடுங்கலாம்?"

"என்னன்னு குடுக்க? எனக்குப் புள்ள இருக்கு, அதுக்குப் போன் பண்ண விடுங்கன்னா? உங்கம்மாவுக்குத் தெரியும்டா. தெரிஞ்சதனாலதான் கேக்கல. ஒப்பந்தம் முடிய இன்னும் பதினோரு மாசம். வாய மூடிட்டுப் போயிருவேன்."

"மத்த நாள்ல பேசலாம்ல?"

"அவ பள்ளிக்கூடம் விட்டு வர்றப்ப நான் உங்க வீட்டுப் பாத்ரூம் கழுவிட்டிருப்பேன். நான் ஓயுறப்ப அவ தூங்கியிருப்பா."

அன்று இரவுச் சாப்பாட்டில், ஞாயிறுதோறும் விகோவை நானே வெளியே கூட்டிப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. அப்போதே லோனேவுக்குப் போன்.

"நம்ப மாட்ட. மால்தே தானா வந்து கேக்கறான். ஜோவிலின் வந்ததுக்கப்புறம் எவ்ளோ பொறுப்பு பாரு. கலாச்சாரப் பரிமாற்றம்னா இதுதான்."

எனக்கு வாந்தி வரும்போல இருந்தது. ஞாயிறன்று ரயிலில் அதை விகோ செய்தான், என் மடியில், சாக்லேட் பாலோடு. துடைக்கத் துடைக்க நாறியது. எதிரே இருந்த கிழவர் வேறு இடம் தேடிப் போனார். வெளியே நல்ல மழை.

"வீட்டுக்குப் போலாம் மால்தே," என்று விகோ அழுதான்.

மணி ஒன்று இருபது. பல்லைப் பற்றியே இன்னும் பேசி முடித்திருக்க மாட்டார்கள்.

"இன்னும் நாலு ஸ்டேஷன்," என்றேன்.