பத்து ஸ்டிக்கர்களும் ஒரு சாட்சியும்

மூளைக் கட்டி ஆபரேஷனுக்கு முந்தின நாள், என் மொட்டைத் தலையில் பத்து வட்ட ஸ்டிக்கர்களை ஒட்டி ஸ்கேன் எடுத்தார், மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி போட்ட டெக்னீஷியன் அம்மா. அவற்றை வைத்துத்தான் கம்ப்யூட்டர் டாக்டருக்கு வழிகாட்டுமாம். ஒவ்வொன்றையும் அழுத்தி, "நகரக்கூடாது கண்ணு" என்பார், ஸ்டிக்கரிடம்.

நான் சொறிந்ததில் ஒன்று உதிர்ந்தது. நானே ஒட்டிக்கொண்டேன். காலையில் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"ஏனுங்க, இத ஆரு ஒட்டுனது?"

"நாந்தானுங்க. அரை விரக்கடைதான் தள்ளியிருக்கும்."

"அரை விரக்கடை தள்ளுனா டாக்டரு உங்க பேச்சு இருக்கற எடத்துக்குப் போயிருவாருங்க."

சரியாக ஒட்டி மறுபடி ஸ்கேன் எடுத்தார்.

"தலைக்குள்ள ஒண்ணுமே இல்லைன்னு ஊட்டுல சொல்றாங்களே" என்றேன்.

"இருக்குதுங்க. நான் பாத்தனுங்க" என்றார், சிரிக்காமல்.

கட்டி போனது, பேச்சு போகவில்லை, மனைவிக்குத்தான் வருத்தம். என் தலைக்குள் ஏதோ இருப்பதற்கு இன்றும் அந்த அம்மா ஒருவர்தான் சாட்சி.