முழங்கால் தண்ணீரில் ஒரு பரீட்சை

சவுரியப்பன் அரை மணி நேரம் தண்ணீருக்கடியில் இருந்தானாம். காரிமங்கலம் சந்தையில் எட்டு வருஷமாக இதே பேச்சு. வெற்றிலைக் கடையில் அரை மணி. மாட்டுத் தரகரிடம் போவதற்குள் முக்கால் மணி. இன்னும் ஏறுவதற்குள் விசாரித்துவிடலாமென்று நாற்பத்தாறாம் வருஷம் ஒரு நாள் அவர் வீட்டுக்கே போனேன்.

சவுரியப்பன் கூலிக்காரர். சுற்றுவட்டாரக் கிணறுகளில் குடம் விழுந்தாலும் ஆள் விழுந்தாலும் முங்கி எடுப்பவர் அவர்தான். குடங்களை முழுசாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஆட்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

முப்பத்தேழில், தூரத்து அணை ஒன்றில் முங்கி வேலை செய்ய ஆள் எடுத்தார்கள். மாதச் சம்பளம், குடியிருக்க வீடு. மானாவாரிக் காட்டுக் கூலிக்கு அது பெரிய வாழ்வு. ஒரு சான்றிதழ் மட்டும் வேண்டும்: இவர் இரண்டு நிமிஷம் தண்ணீருக்குள் மூச்சடக்குவதைக் கண்ணால் பார்த்தேன் என்று சர்க்கார் ஓவர்சியர் கையெழுத்திட்டது.

மனுப் போட்டது கார்த்திகையில், கிணறெல்லாம் தளும்பியது. ஓவர்சியர் கைக்கடிகாரத்தோடு வந்து சேர்ந்தது சித்திரையில். ஐந்து கிணறு பார்த்தார்கள். இருப்பதிலேயே பெரிய கிணற்றில் முழங்கால் தண்ணீர்.

“இதுல எப்பிடிப்பா முங்குவ?”

“குப்புறப் படுத்துக்கறனுங்க. மூச்சு மூச்சுதானுங்களே.”

ஓவர்சியர் விதிகளைப் புரட்டினார். படுக்கக் கூடாதென்று எங்கும் இல்லை.

சவுரியப்பன் படுத்தார். தலை உள்ளே, முதுகு வெளியே. கடைசிப் படியில் மாற்று வேட்டியோடு மனைவி தெரசா. ஒரு நிமிஷம் ஆயிற்று.

“ஏம்மா, உங்கூட்டுக்காரரு தூங்கிட்டாராட்ட இருக்குதே!” என்று மேலிருந்து யாரோ கத்த, கூட்டம் சிரித்தது. தெரசா சிரிக்கவில்லை. புருஷன் கிணறுகளிலிருந்து பிணமாகத் தூக்கிய ஏழு பேரை அவள் பார்த்திருக்கிறாள். ஏழு பேரும் இப்படித்தான், குப்புற, முடி மிதக்கக் கிடந்தார்கள். ஒன்றரை நிமிஷத்தில் தண்ணீரில் குதித்து, குடுமியைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

“அடிப்பாவி! இன்னும் அரை நிமிசந்தாண்டி!”

“எந்திரிங்க! வேலையும் வேணாம், வூடும் வேணாம்.”

“மறுக்காப் படுக்கட்டுங்களா, ஐயா?”

“சான்றிதழ்ப் பாரத்துல ஒரு கட்டந்தாம்ப்பா இருக்குது” என்ற ஓவர்சியர், அந்தக் கட்டத்தில், ‘ஒன்றரை நிமிஷம். மனைவியால் தடைபட்டது’ என்று எழுதினார். அணை வேலைக்கு வேறு ஆள் போனார்.

“மழ பேஞ்சு கெணறு ரொம்பட்டும், மிச்சத்தையும் முங்கிக் காட்டிடறேன்னு சொன்னனுங்க. மேலுக்கு எழுதறேன்னு போனாரு” என்றார் சவுரியப்பன். கிணறு எட்டுத் தரம் நிரம்பி வற்றிவிட்டது.

“இன்னைக்குப் படுத்தாலும் இழுத்துத்தாங்க போடுவேன்” என்றது உள்ளிருந்து தெரசாவின் குரல்.

அவர் என்னைப் பார்த்தார். “சர்க்காருக்கு அரை நிமிசம் பாக்கி நிக்குதுங்க” என்றார்.